கார்பரேட்டருக்கு அடிட்டிவ்: எந்த அறிகுறிக்கு ஊற்றலாம், எதற்குக் கழற்ற வேண்டும்

நாகர்கோவிலில் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் இன்ஜின் ஆயில் டப்பாக்களுக்குப் பக்கத்தில் பெட்ரோலில் ஊற்றும் சின்னச் சின்ன அடிட்டிவ் பாட்டில்கள் இருக்கும். "ஒண்ணு ஊத்திப் பாருங்க அண்ணே, கார்பரேட்டர் கழட்டவே வேண்டாம்" என்பார்கள். சில கோளாறுக்கு அது உண்மை. பல கோளாறுக்கு அது வெறும் காசுச் செலவு. ஒன்றிரண்டு கோளாறில் இருக்கிற சிக்கலை இன்னும் பெரிதாக்கிவிடும். வண்டி எப்படி மக்கர் செய்கிறது என்பதைப் பார்த்தாலே இது எந்த வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்தபின் விற்ற வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் அவற்றில் இல்லை. ஆகவே இங்கே பேசுவது அதற்கு முந்தையவற்றைப் பற்றி: ஸ்பிளெண்டர், பேஷன், ஷைன், யூனிகார்ன், பல்சர், பழைய ஆக்டிவா, கார்பரேட்டர் புல்லட், எக்ஸெல். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் இன்னும் புகைவிட்டுக்கொண்டு ஓடும் ஆர்எக்ஸ் 100களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடிட்டிவ் எங்கே எட்டும், எங்கே எட்டாது

பெட்ரோல் நனைக்கும் இடத்தை மட்டும்தான் அடிட்டிவ் தொடும். டாங்க், பெட்ரோலைத் திறந்து மூடும் காக், குழாய், கார்பரேட்டரின் அடியில் இருக்கும் ஃப்ளோட் கிண்ணம், பெட்ரோலை அளந்துவிடும் ஸ்லோ ஜெட், மெயின் ஜெட், அப்புறம் இன்டேக் வால்வின் பின்பக்கம், கடைசியாக எரியும் அறை. அவ்வளவுதான். கார்பரேட்டரில் காற்று மட்டும் போகும் நுண்ணிய துளைகளும் உண்டு. ஏர் ஃபில்டர் பக்கம் வாய் திறந்திருக்கும் அந்தத் துளைகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் டாங்கில் எதை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. முழுவதும் அடைத்துப்போன ஜெட்டும் அப்படியே. அதன் வழியே பெட்ரோலே போகவில்லை என்றால் அதில் கலந்த மருந்து எப்படிப் போகும்?

ஆக, இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும் வழியில் படிந்த மெல்லிய பிசினைக் கரைப்பதும், சுத்தமான வழியை அப்படியே வைத்திருப்பதும்தான் இதன் வேலை. துரு, மணல், தண்ணீர், கிழிந்த ரப்பர், தேய்ந்த ஊசி எதுவும் கரைசலில் சரியாகாது.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஓடும்போது சோக்கைப் பாதி இழுத்தால் வண்டி தேறுகிறதா, மோசமாகிறதா? தேறினால் பெட்ரோல் போதவில்லை. மோசமானால் பெட்ரோல் அதிகம். அடுத்து பிளக். காபித்தூள் நிறம் என்றால் நல்லது, வெள்ளைவெளேர் என்றால் பெட்ரோல் குறைவு, கரி அப்பியிருந்தால் அதிகம். மூன்றாவதுதான் முக்கியம், பலர் செய்யாததும் அதுதான். கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீரா, பழுப்புத் துகளா, வெள்ளைப் பொடியா, வார்னிஷ் வாடையா என்று கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். இதை வெளியில், இன்ஜின் ஆறியபின் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் யாரும் பற்றவைக்கக் கூடாது.

அறிகுறி: சோக் போட்டால்தான் ஓடுகிறது, சிக்னலில் ஆஃப் ஆகிறது, வேகத்தில் போனால் குறையே இல்லை

அடிட்டிவுக்கென்றே அமைந்த கோளாறு இது.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இருட்டில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகும். சோக்கை இழுத்தால் பிடிக்கும், உள்ளே தள்ளினால் நின்றுவிடும். வண்டி சூடேறி ஓட ஆரம்பித்தபின் ஒன்றும் தெரியாது. வடசேரி முக்கில் நின்றால் மறுபடி ஆஃப். கிளட்சை விட்டு மெதுவாக நகர்த்தும்போது ஒரு வெட்டு வெட்டும்.

ஐட்லிங்குக்கும், ஆக்சிலேட்டரைத் திருகத் தொடங்கும் முதல் கொஞ்சத்துக்கும் பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. கீஹின் கார்பரேட்டரில் ஜெட் மேல் 35 என்று எழுதியிருந்தால் 0.35 மில்லிமீட்டர் என்று பொருள். பெட்ரோல் ஆவியானபின் தங்கும் பிசின் மெல்லியதாகப் படிந்தாலே இதற்குப் போதும். மெயின் ஜெட்டின் துளை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு என்பதால் அது தப்பித்துவிடும். அதனால்தான் வேகத்தில் போகும்போது குறை தெரிவதில்லை.

சோக்கில் வண்டி தேறுகிறது, கிண்ணத்தில் தண்ணீரும் துருவும் இல்லை என்றால் ஒரு முறை ஊற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. எதை ஊற்றுவது என்பதில்தான் குழப்பம். கடையில் ஒரே வரிசையில் இருந்தாலும் பாட்டில்கள் ஒரே சாதியல்ல. ஆக்டேன் பூஸ்டர் என்று போட்டிருப்பது ஜெட்டைக் கழுவாது. ஸ்டெபிலைசர் பெட்ரோல் கெடாமல் பார்த்துக்கொள்ளும், ஏற்கெனவே படிந்ததைப் பெரிதாகக் கரைக்காது. உங்களுக்கு வேண்டியது கிளீனர் வகை. அதிலும் பாலிஈதர் அமீன், பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்று இரண்டு முக்கியமான மூலப்பொருள்கள் உண்டு. முன்னது சூட்டைத் தாங்கி எரியும் அறையின் கரியையும் இளக்கும். விலையும் கூடுதல். ஆனால் ஜெட்டும் கிண்ணமும் சூடேறாத பாகங்கள். அங்கே படிந்த பிசினுக்கு அந்த விலையுயர்ந்த குணம் அவசியமில்லை. சாதாரணக் கிளீனரே போதும் என்பது என் கட்சி. ஏற்றத்தில் தட்டும் வண்டிக்கு மட்டும் கணக்கு வேறு; அதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் கார்ப் கிளீனரை டாங்கில் அடிக்கவே வேண்டாம். அது கழற்றிய உலோகத் துண்டுகளைக் கழுவ. கழற்றியபோதும் ஓ-ரிங், டயாஃப்ராம் என்ற ரப்பர் சவ்வு, ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை இவற்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். டயாஃப்ராம் மேல் பட்டால் அது ஊதி, பழைய வடிவத்துக்கு வராது.

அளவில்தான் பலரும் சறுக்குவது. காருக்கான பாட்டிலை முழுதாக பைக்கில் கவிழ்ப்பவர்கள் உண்டு. லேபிளில் 300 மில்லி பாட்டில் 60 லிட்டர் பெட்ரோலுக்கு என்றிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி. உங்கள் டாங்கில் 8 லிட்டர் நிரப்பப் போகிறீர்கள் என்றால் 40 மில்லி. மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் வாங்கினால் அளப்பது சுலபம். டாங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போது மருந்தை முதலில் ஊற்றி, பிறகு பங்கில் பெட்ரோல் அடித்தால் தானாகக் கலந்துகொள்ளும். டூ ஸ்ட்ரோக் எக்ஸெல், ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் 2டி ஆயிலை வழக்கமான அளவில் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த மருந்து ஆயிலுக்கு மாற்றல்ல.

ஊற்றிவிட்டு வீட்டுக்கும் கடைக்குமாக ஓட்டினால் பலன் தெரிய நாளாகும். கன்னியாகுமரி வரை ஒரு நடை போய் வாருங்கள். ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நடுவில் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். ஏனென்றால் ஸ்லோ ஜெட் முழுமூச்சாக வேலை செய்வது அப்போதுதான். வந்தபின் இரவு முழுக்க அந்தப் பெட்ரோல் கிண்ணத்தில் ஊறட்டும். பிசின் கரைவதில் பாதி வேலையை ஊறல்தான் செய்கிறது. மறுநாளோ அடுத்த நாளோ ஐட்லிங் மெல்ல ஏறினால் ஜெட் திறக்கிறது என்று அர்த்தம். அப்போது ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டாங்கிலும் மாற்றமில்லை என்றால் மூன்றாவது பாட்டில் வாங்காதீர்கள். கழற்ற வேண்டியதுதான்.

கழற்றினால் ஜெட்டுக்குள் கம்பி, குண்டூசி விடக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் ஜெட் வீண். நம் மாவட்டத்தில் அதற்கு நல்ல ஆயுதம் இருக்கிறது: குளச்சலிலும் முட்டத்திலும் தூண்டிலுக்கு விற்கும் மெல்லிய தங்கூசி நரம்பு. துளையைவிட மெல்லியதாக வாங்கி உள்ளே விட்டு எடுத்து, கம்ப்ரசர் காற்று அடித்தால் போதும்.

இன்னொன்று. ஏர் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம் என்று பார்ப்பவர்கள், அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும். வெளியே திருகினால் கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்தும். வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் தலைகீழாகத் திருகிவிட்டு மருந்தைக் குறை சொல்வது அநியாயம்.

அறிகுறி: மாதக்கணக்கில் நின்ற வண்டி, உயிரே இல்லை

வளைகுடாவில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு இந்த மாவட்டத்தில் குறைவு. லீவு முடிந்து கிளம்பும்போது வண்டியைக் கார் ஷெட்டில் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். அடுத்த லீவுக்கு வந்து கிக் அடித்தால் ஒரு சத்தமும் வராது. உடனே தம்பியைக் கடைக்கு அனுப்பி ஒரு பாட்டில் வாங்கிவரச் சொல்வார்கள்.

இந்த வண்டிக்கு அது பயனில்லை. ஃப்ளோட் கிண்ணம் காற்றுப்புகாமல் மூடியதல்ல; அதற்குக் காற்றுப்போக்குத் துளை உண்டு. இங்குள்ள சூட்டில் அதில் நின்ற பெட்ரோலின் இலகுவான பகுதி முதலில் பறந்துவிடும். மீதி காற்றோடு சேர்ந்து கெட்டுப் பிசுபிசுவென்றாகி, அப்புறம் பழுப்பு அரக்காக இறுகும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் 2டி ஆயிலும் சேர்ந்து பசையாகத் தங்கும். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் இழுத்த ஈரத்தால் அலுமினிய, துத்தநாக உலோகத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பித்தளை ஜெட்டில் பச்சை பிடிக்கும். வெள்ளைப் பொடியும் பச்சையும் உலோகம் அரித்ததால் வந்தவை, பிசின் அல்ல. எந்தக் கிளீனரும் அவற்றைக் கரைத்து ஜெட்டைத் திறக்காது.

ஆகவே வரிசை இப்படி. டாங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடைக்குப் பதில் பெயின்ட் வாடை வந்தால் முழுவதையும் வடித்துவிடுங்கள். புதுப் பெட்ரோலோடு கலந்து ஓட்டிவிடலாம் என்ற சிக்கனம் வேண்டாம். டார்ச் அடித்து டாங்கின் உள்ளே துரு பாருங்கள். காக்கில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கிளீனரில் ஊறவைத்து, ஜெட்டுகளையும் எமல்ஷன் டியூபையும் சுத்தம் செய்து, கிண்ணத்தின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழைய கேஸ்கெட்டும் பெட்ரோல் குழாயும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊதி வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். இத்தனையும் முடிந்தபின் முதல் டாங்கில் அடிட்டிவ் ஊற்றினால் அதற்கு வேலை உண்டு. ஒளிந்துகிடக்கும் மிச்சப் பிசினை அது பார்த்துக்கொள்ளும்.

கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணவாளக்குறிச்சி, குளச்சல் காற்றில் நின்ற வண்டியில் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் உப்பரித்து இறுகியிருக்கும். அவசரப்பட்டுத் திருப்பினால் தலை மழுங்கும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள்.

கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் இத்தனை பாடும் இல்லை. சில வாரம் மட்டும் நிறுத்துவதென்றால் காக்கை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மிச்சத்தை டிரெயின் ஸ்க்ரூவில் வடித்துவிடுங்கள். சில மாதம் என்றால் டாங்கை நிறைத்து ஸ்டெபிலைசர் ஊற்றி, கொஞ்சம் ஓட்டிக் கலந்தபின் இதையே செய்யுங்கள். ஒரு வருடம் என்றால் நான் டாங்கையே காலி செய்து, உள்ளே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுச் சுழற்றி எல்லாப் பக்கமும் பூசவைப்பேன். இங்குள்ள ஈரக் காற்றில் வெறும் இரும்பு டாங்க் துருப்பிடிக்க அதிக நாள் வேண்டாம். வாரம் ஒருமுறை அப்பா வந்து ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவார் என்பது நல்ல ஏற்பாடு போலத் தெரியும். அதில் இன்ஜின் முழுசாகச் சூடாகாது, சைலன்சரில் ஈரம் தங்கும். அவரையே ஒரு டீக்கடை வரை ஓட்டிப் போய்வரச் சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லது.

அறிகுறி: மழைக்குப் பிறகு இருமி இருமி நிற்கிறது

குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. வருடத்தில் இரண்டு முறை ஒர்க் ஷாப்பில் இந்தக் கூட்டம் நிற்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென இரண்டு இருமல், ஒரு இழுப்பு, நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும்.

கிண்ணத்தை வடித்துப் பாட்டிலில் பாருங்கள். அடியில் தனி அடுக்கோ உருண்டைகளோ தெரிந்தால் தண்ணீர். டாங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளை அடைத்திருந்தால், மழையில் நின்ற வண்டியில் தண்ணீர் நேரே உள்ளே போகும். தண்ணீரே இல்லை, பெட்ரோல் சுத்தம் என்றால் கார்பரேட்டரை விட்டுவிட்டு பிளக் மூடியையும் ஹைடென்ஷன் வயரையும் பாருங்கள். மழைக்கால மிஸ்ஸிங்கில் கரண்ட் கசிவுக்குப் பெரிய பங்கு உண்டு. இருட்டில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் வயரின் வெடிப்பில் நீலப்பொறி தெரியும்.

தண்ணீர்தான் என்றால் இன்றைய பெட்ரோலில் அது பழைய கதை அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 2023இல் அறிமுகமாகி, இப்போது பங்குகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் மீது ஆசை அதிகம். கொஞ்சம் தண்ணீர் என்றால் தனக்குள் கரைத்து எரித்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. தாங்கும் அளவைத் தாண்டினால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். கார்பரேட்டருக்குள் முதலில் போவது அந்த அடி அடுக்குதான், அதில் வண்டி ஓடாது. மேலே மிஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் குறைந்திருக்கும்.

நம்ப முடியாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குப்பியில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் விட்டு, மெதுவாகக் குலுக்கி, அடுக்கு பிரியும்வரை வையுங்கள். அடியில் 10 மில்லி இருக்க வேண்டிய அடுக்கு 25ஐயும் தாண்டி நிற்கும். கூடியிருப்பது பெட்ரோலை விட்டு இறங்கி வந்த எத்தனால். அந்தப் பெட்ரோலை மறுபடி வண்டியில் ஊற்றாதீர்கள்.

தண்ணீரை நீக்கும் அடிட்டிவ் என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருக்கும். அந்தக் காலத்து வெறும் பெட்ரோலில் அதற்கு மதிப்பு இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே ஆல்கஹாலாக இருக்கும் பெட்ரோலில் மேலும் சில மில்லி ஆல்கஹால் எவ்வளவு சாதிக்கும்? அடுக்கு பிரிந்துவிட்டால் டாங்கை முழுவதும் வடிப்பது மட்டும்தான் வழி. டாங்கைக் கழற்றிச் சரித்து, கடைசிச் சொட்டுவரை எடுத்து, துணியால் ஒற்றி, வெயிலில் காயவிட்டு, மூடி ரப்பரை மாற்றிவிட்டுப் புதுப் பெட்ரோல் அடியுங்கள்.

அறிகுறி: பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் திணறுகிறது

ஐட்லிங் நன்றாக இருக்கிறது, ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. ஆரல்வாய்மொழி தாண்டிக் காற்றாலைகளுக்கு நடுவே எதிர்காற்றில் இழுத்துப் பிடித்தால் மூச்சு வாங்குகிறது. மெயின் ஜெட் அடைத்திருக்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கடைசிச் சந்தேகம்தான்.

முதலில் திணறும்போதே டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று இழுத்து, அதன்பின் வண்டி தெம்பாக ஓடினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும்தான் மருந்து. அடுத்து, கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் குழாயைக் கழற்றிப் பாட்டிலில் விட்டுக் காக்கைத் திறந்து பாருங்கள். ஒரே சீராகக் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் காக் சல்லடையில் துரு. பழைய ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் காக் இன்ஜின் உறிஞ்சினால்தான் திறக்கும். சும்மா பார்த்தால் வராது, அதை அடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏர் ஃபில்டர் அடுத்தது. பல்சர், யூனிகார்ன், புல்லட் போன்றவற்றில் டயாஃப்ராம் கிழிந்திருந்தாலும் இதே திணறல்தான். மேல்மூடியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை தெரியும். இவை எல்லாம் சரியாக இருந்து, பிளக்கும் வெள்ளையாக இருந்தால்தான் மெயின் ஜெட்டுக்கு வரவேண்டும். பிசின் படலமாக இருந்தால் அடிட்டிவ் கேட்கும். ஒரு துருத்துகள் மாட்டியிருந்தால் கேட்காது. மெயின் ஜெட்டில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது.

இ20 ஊற்றியபின் கொஞ்சம் இழுவை குறைந்தது, மைலேஜ் குறைந்தது என்றால் அது அடைப்பில்லை. எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். அது எரிய வேண்டிய காற்றும் குறைவு என்பதால், பழைய ஜெட் அளவில் கலவை கொஞ்சம் மெலிந்துவிடும். அடிட்டிவ் ஊற்றி அந்த மைலேஜைத் திரும்ப வாங்க முடியாது.

அறிகுறி: நிறுத்திய இடத்தில் பெட்ரோல் ஒழுகியிருக்கிறது

கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக உட்காரவில்லை. இடையில் ஒரு துகள் மாட்டியிருக்கலாம், ரப்பர் முனை தேய்ந்திருக்கலாம், ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து மூழ்கியிருக்கலாம். கிண்ணத்தின் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் துகள் விலகி நின்றுவிடும். நின்றாலும் அன்றைக்கே கழற்றிக் கழுவுங்கள், அதுவரை இரவில் காக்கை மூடி வையுங்கள். மருந்து இங்கே வேண்டாம். ஒழுகிய பெட்ரோல் சிலிண்டர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் ஆயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

அறிகுறி: கரும்புகை, கரிப்பிளக்

சோக் முழுவதும் திரும்பவில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, நீடில் ஜெட் தேய்ந்து அகன்றிருக்கிறது, கிண்ணத்தில் மட்டம் அதிகம். நான்கில் ஒன்றுக்கும் அடிட்டிவ் பதில் அல்ல.

அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்டபின் ரேஸ் இறங்க மறுக்கிறது, சைலன்சரில் படபடவென வெடிக்கிறது

இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்ட் வெடித்திருக்கும். ஐட்லிங்கில் விட்டு, துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயரில் வெறும் தண்ணீரை அந்த ரப்பரைச் சுற்றிப் பீய்ச்சுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்க்கும் சூரர்களும் இருக்கிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது விபரீதம். காற்றுக் கசிவு இல்லை, வெடிச்சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் ஸ்லோ ஜெட் மெலிந்திருக்கலாம். முதல் அறிகுறிக்குச் சொன்ன வைத்தியத்தைச் செய்யலாம்.

அறிகுறி: ஏற்றத்தில் இரண்டு பேரோடு போனால் உள்ளே "கிடுகிடு" என்று தட்டுகிறது

பேச்சிப்பாறை மேட்டில் டாப் கியரிலேயே இழுக்க வைத்தால் எந்த வண்டியும் தட்டும், கியரைக் குறையுங்கள். குறைத்த பின்னும் தட்டினால், வண்டி நிறைய கிலோமீட்டர் ஓடியதாகவும் இருந்தால், எரியும் அறையில் கரி கனத்திருக்கலாம். பாலிஈதர் அமீன் உள்ள விலைகூடிய பாட்டிலுக்குக் கொடுக்கும் காசு இங்கேதான் நியாயமாகும். லேபிளில் மூலப்பொருள் போடாவிட்டால், பாட்டிலின் பெயரைப் போட்டு அதன் பாதுகாப்புத் தரவுத்தாளை இணையத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு டாங்க் ஓட்டி முடித்தபின் இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிடுவது நல்லது. கழுவிய அழுக்கில் ஒரு பங்கு அதில்தான் இறங்கும்.

அறிகுறி: ஊற்றிய பிறகு இன்னும் மோசமாகிவிட்டது

ஊற்றி இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் திணறத் தொடங்கினால் பெரும்பாலும் மருந்து வேலை செய்ததால் வந்த வினை. டாங்கின் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த பிசினும் அதில் மாட்டியிருந்த துருவும் மொத்தமாக இளகி இறங்கி, சல்லடையிலும் ஜெட்டிலும் போய் நிற்கும். பழைய வண்டிக்கு முதல் முறை ஊற்றுகிறவர்கள் பாதி அளவில் தொடங்க வேண்டும். காக்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஃபில்டர் மாட்டிக்கொள்வதும் இதற்காகத்தான். உள்ளே பழுப்பு சேர்வதைப் பார்த்தே டாங்கின் யோக்கியதை தெரிந்துவிடும். துரு நிறைய வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாங்கைக் கழுவுங்கள்.

ஊற்றியது பாட்டில் மருந்துதானா, வீட்டு வைத்தியமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆக்டேன் குறையும், கரி கூடும். தின்னர் குழாயையும் ஓ-ரிங்கையும் தின்னும், சிந்தினால் டாங்க் பெயின்டையும் உரிக்கும். பீரோவில் போடும் அந்துருண்டையை டாங்கில் போட்டால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. நாஃப்தலீன் பெட்ரோலில் கரையும், வாஸ்தவம். கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியானதும் அது மறுபடி படிகமாகி, ஜெட்டின் வாயிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

"மக்கா, நீ என்னத்த ஊத்துன, அதச் சொல்லு முதல்ல" என்று மெக்கானிக் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாங்கை வடிப்பதா, ஜெட்டை மட்டும் கழற்றுவதா, ரப்பர் பாகங்களையும் மாற்றுவதா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.